எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா: மூன்று குட்டி நாடுகளின் ஸ்டார்ட்அப் சூழலை எப்படி ஒப்பிடுவது?

மதுரை மாநகரையும் அதை ஒட்டிய ஊர்களையும் சேர்த்தால் 2011 கணக்கெடுப்பில் 14.65 லட்சம் பேர். எஸ்தோனியா என்ற முழு நாட்டிலும் சுமார் 13.7 லட்சம் பேர்தான். அதற்குத் தெற்கே லாத்வியா, ஏறக்குறைய 18.6 லட்சம். அதற்கும் தெற்கே லித்துவேனியா, 29 லட்சத்தை ஒட்டி. சோவியத் ஒன்றியம் உடைந்தபோது விடுதலை பெற்ற நாடுகள் இவை. 2004 மே 1 அன்று மூன்றும் ஒன்றாக ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தன. 2011, 2014, 2015 என்று ஒவ்வொன்றாக யூரோவுக்கு மாறின. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே வீட்டு அண்ணன் தம்பிகள் மாதிரி இருக்கும். ஒப்பிடும்போது தடுக்கி விழுவதும் அதனால்தான்.

நான் முதல் தடவை இந்த வேலையை எடுத்தபோது, ஒரு தரவரிசைப் பட்டியலைத் திறந்து, எக்செல்லில் மூன்று வரி போட்டு, "எஸ்தோனியா முதலிடம்" என்று அரை மணி நேரத்தில் முடித்துவிட்டேன். அதிலிருந்த தவறுகளைக் கண்டுபிடிக்கப் பல வாரங்கள் பிடித்தன. தொழில் தொடங்கவோ, வேலைக்குப் போகவோ, அறிக்கை எழுதவோ இந்த நாடுகளைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்கள் அந்த வாரங்களை மிச்சப்படுத்தலாம்.

முதல் படி: கேள்வியை எழுதி வையுங்கள்

"எது சிறந்தது?" என்ற கேள்விக்கு விடை கிடையாது. "சென்னையில் இருந்தபடியே ஐரோப்பிய வாடிக்கையாளருக்கு பில் போட எனக்கு ஒரு கம்பெனி வேண்டும்" என்பது கேள்வி. "பணப் பரிமாற்றச் செயலிக்கு உரிமம் எங்கே வாங்குவது?", "பத்து எஞ்சினியர்களை எந்த ஊரில் வேலைக்கு வைப்பது?" இவையும் கேள்விகள்தான். இந்த மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு நாடுகள் விடையாக வரலாம். ஒரு தாளில் ஒற்றை வரியாக எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள். பாதி வழியில் கண்டிப்பாக மறந்துபோகும்.

இரண்டாம் படி: தாய்மரத்தைத் தேடுங்கள்

பெரிய நாட்டில் ஒரு நிறுவனம் வந்தாலும் போனாலும் மொத்தச் சூழல் அசையாது. குட்டி நாட்டில் ஒரே ஒரு நிறுவனம் இருபது வருடத்துக்கான போக்கையே தீர்மானித்துவிடும். அதனால் புள்ளிவிவரத்துக்கு முன் கதையைப் படியுங்கள்.

எஸ்தோனியாவின் தாய்மரம் ஸ்கைப். 2003இல் தொடங்கியது. நிறுவனர்கள் ஒரு ஸ்வீடன்காரரும் ஒரு டென்மார்க்காரரும். ஆனால் மென்பொருளை எழுதியவர்கள் தலைநகர் தாலினில் இருந்த அஹ்தி ஹெய்ன்லா, பிரீத் கசெசாலு, யான் தாலின் ஆகியோர். 2005இல் ஈபே அதைச் சுமார் 260 கோடி டாலருக்கு வாங்கியது. 2011இல் மைக்ரோசாஃப்ட் 850 கோடி டாலருக்கு வாங்கியது. 2025 மே மாதம் ஸ்கைப்பையே மூடிவிட்டார்கள். ஆனால் விதைகள் எப்போதோ பறந்துவிட்டிருந்தன. ஸ்கைப்பின் முதல் ஊழியர் தாவெத் ஹின்ரிகுஸ், கிறிஸ்தோ கார்மனுடன் சேர்ந்து 2011இல் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் டிரான்ஸ்ஃபர்வைஸ் சேவையைத் தொடங்கினார். இன்று அதன் பெயர் வைஸ். ஹெய்ன்லா நடைபாதையில் பொட்டலம் கொண்டுபோகும் ரோபோக்களைச் செய்யும் ஸ்டார்ஷிப்புக்குப் போனார். இதற்கெல்லாம் முன்பே, 1996இல், பள்ளிகளுக்குக் கணினியும் இணையமும் கொடுக்கும் 'புலிப் பாய்ச்சல்' திட்டத்தை எஸ்தோனிய அரசு தொடங்கியிருந்தது. 2013இல் 19 வயது மார்குஸ் வில்லிக், பெற்றோரிடம் 5,000 யூரோ கடன் வாங்கி ஒரு டாக்சிச் செயலியைத் தொடங்கினார். அதுதான் இன்றைய போல்ட்.

லித்துவேனியாவுக்கு இரண்டு மரங்கள். ஒன்று விண்டெட், பழைய துணிகளை வாங்கி விற்கும் தளம். 2008இல் மில்டா மிட்குட்டேயும் யுஸ்டாஸ் யனாவ்ஸ்காஸும் தொடங்கியது. 2016 வாக்கில் படுத்துவிடும் நிலைக்கு வந்து, டச்சுக்காரர் தோமஸ் பிளான்டெங்கா கைக்குப் போய், விற்பவரிடம் வாங்கிய கட்டணத்தை எடுத்துவிட்டு எழுந்து நின்றது. 2019இல் நாட்டின் முதல் யூனிகார்ன், அதாவது நூறு கோடி டாலர் மதிப்பைத் தாண்டிய நிறுவனம், ஆனது. இரண்டாவது மரம் டெசோனெட் என்ற நிறுவனக் குழுவைச் சுற்றி வளர்ந்தது. யூடியூப் பார்ப்பவர்களுக்கு விளம்பரத்தின் வழியாகவாவது நார்ட்விபிஎன் தெரிந்திருக்கும், அது இங்கிருந்து வந்ததுதான். தமிழ்நாட்டில் வலைத்தளம் வைத்திருக்கும் பலர் பணம் கட்டும் ஹோஸ்டிங்கரும் லித்துவேனிய நிறுவனம்தான்.

லாத்வியாவைப் பற்றிப் பலர் ஒரு வரியோடு நிறுத்திவிடுவார்கள். அது அநியாயம் என்பது என் கட்சி. நம் ஊர்களில் சின்ன அளவில் இணைய இணைப்பு கொடுப்பவர்களின் அலுவலகத்துக்குப் போய்ப் பாருங்கள். பெட்டிக்குள் மைக்ரோடிக் ரூட்டர் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. 1996இல் தலைநகர் ரீகாவில் தொடங்கிய நிறுவனம் அது. அதே ரீகாவில் 2004இல் 'திராவுகியெம்' என்ற உள்ளூர் சமூக வலைத்தளம் வந்தது. அந்தக் குழுவுக்குள்ளிருந்து 2013இல் பிரிண்ட்ஃபுல் பிறந்தது. நீங்கள் வடிவமைத்த டீ-ஷர்ட்டை ஆர்டர் வந்த பிறகு அச்சடித்து, உங்கள் பெயரிலேயே வாடிக்கையாளருக்கு அனுப்பும் தொழில். வெளி முதலீடு இல்லாமலே வளர்ந்து, 2021இல்தான் 13 கோடி டாலர் வாங்கியது. அதே ஊரில் அதே தொழிலில் போட்டியாக வளர்ந்த பிரிண்டிஃபையோடு இணைவதாக 2024இல் அறிவித்தது.

மூன்றாம் படி: எண்ணைப் பிடித்து உலுக்குங்கள்

பிரிண்ட்ஃபுல் கதையை மனதில் வைத்துக்கொண்டு இங்கே வாருங்கள். பெரும்பாலான ஒப்பீடுகள் "திரட்டிய முதலீடு" என்ற எண்ணை வைத்துத்தான் நடக்கின்றன. எட்டு வருடம் சொந்த வருமானத்தில் வளர்ந்த நிறுவனம் அந்தக் கணக்கில் எட்டு வருடம் பூஜ்யம். நட்டத்தில் ஓடி மூன்று முதலீட்டுச் சுற்றுகளில் பணம் வாங்கிய நிறுவனம் மேலே நிற்கும். இத்தகைய பட்டியல்களில் லாத்வியா கடைசியில் இருப்பதற்கு இதுவே முழுக் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இதைக் கழிக்காமல் படம் தெளிவாகாது.

அடுத்தது, ஒரே சுற்று மொத்தக் கணக்கையும் சாய்த்துவிடும். 2022 ஜனவரியில் போல்ட் மட்டும் 62.8 கோடி யூரோ திரட்டியது. அந்த வருட எஸ்தோனியக் கணக்கில் அதைச் சேர்த்து ஒரு தடவை, எடுத்துவிட்டு ஒரு தடவை கூட்டிப் பாருங்கள். இரண்டு வேறு நாடுகள் தெரியும். நான் எப்போதும் ஐந்து வருட எண்களை எடுத்து, மிகப் பெரிய சுற்றை நீக்கிவிட்டுத்தான் ஒப்பிடுவேன்.

மூன்றாவது சிக்கல், எந்த நிறுவனம் எந்த நாட்டுக் கணக்கு? வைஸின் தலைமையகம் லண்டன், 2021இல் பங்குகள் பட்டியலானதும் லண்டனில். ஆனால் எஸ்தோனியர்கள் அதைத் தங்கள் யூனிகார்னாக எண்ணுவார்கள். நிறுவனர் பிறந்த ஊரா, பதிவான ஊரா, ஆட்கள் வேலை செய்யும் ஊரா? ஏதாவது ஒன்றை முடிவு செய்து மூன்று நாட்டுக்கும் அதையே வையுங்கள். எனக்கு "ஆட்கள் எங்கே வேலை செய்கிறார்கள்" என்பதுதான் பிடிக்கும், ஏனென்றால் சம்பளமும் அனுபவமும் அந்த ஊரில்தான் தங்குகின்றன. 'மக்கள்தொகைக்கு இத்தனை யூனிகார்ன்' என்ற கணக்கைப் பார்த்தால் சிரித்துவிட்டு நகருங்கள். கீழே 13.7 லட்சத்தை வைத்து வகுத்தால் ஒரே ஒரு நிறுவனம் கூடினாலும் உலக சாதனைதான்.

சரி, நம்பகமான எண் எங்கே கிடைக்கும்? இந்த நாடுகளில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமே இதுதான். எஸ்தோனிய வரித் துறை, ஒவ்வொரு நிறுவனமும் கட்டிய வரி, விற்றுவரவு, ஊழியர் எண்ணிக்கை ஆகியவற்றைக் காலாண்டுக்கு ஒரு தடவை பொதுவில் போடுகிறது. வணிகப் பதிவேட்டில் ஆண்டறிக்கைகளை இலவசமாகவே படிக்கலாம். லித்துவேனியாவில் சோத்ரா என்ற சமூகக் காப்பீட்டு அமைப்பு, ஒரு நிறுவனத்தில் எத்தனை பேர், அவர்களின் சராசரிச் சம்பளம் என்ன என்பதையே வெளியிடுகிறது. லாத்வியாவிலும் நிறுவனங்கள் கட்டிய வரியைப் பார்க்க முடியும். ஆகவே செய்ய வேண்டியது இது: ஒவ்வொரு நாட்டிலும் உங்கள் துறையில் இருபது நிறுவனங்களை எடுங்கள். மூன்று வருட ஊழியர் எண்ணிக்கையைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். பத்திரிகைச் செய்தியில் "வேகமாக வளர்கிறது" என்று வந்த நிறுவனம் போன வருடம் பாதிப் பேரை அனுப்பியிருப்பது அங்கே தெரிந்துவிடும். ஒரு வார இறுதி போதும். எந்தத் தரவரிசையும் இதற்கு ஈடாகாது.

நான்காம் படி: லாபம் 100 யூரோ என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்

எஸ்தோனியாவில் 2000ஆம் ஆண்டிலிருந்தே, லாபத்தை நிறுவனத்துக்குள் வைத்திருக்கும் வரை நிறுவன வரி கிடையாது. வெளியே எடுக்கும்போதுதான் வரி, 2025 முதல் அது 22%. லாத்வியா 2018இல் இதே முறைக்கு மாறியது, அங்கே 20%. லித்துவேனியா வழக்கமான முறையிலேயே நிற்கிறது. லாபம் வந்தால் வரி உண்டு, 2025இல் 16%, 2026 முதல் 17%. சின்ன நிறுவனங்களுக்குக் குறைந்த விகிதம் தனியாக உண்டு.

இப்போது 100 யூரோ லாபத்தை முழுவதும் திரும்பத் தொழிலில் போட்டால் எஸ்தோனியாவிலும் லாத்வியாவிலும் வரி பூஜ்யம், லித்துவேனியாவில் பொது விகிதப்படி 17. முழுவதையும் பங்காதாயமாக எடுத்தால் எஸ்தோனியாவில் கையில் 78, லாத்வியாவில் 80. லித்துவேனியாவில் 17 போக மீதி 83, அதில் தனிநபர் பங்காதாய வரி 15% போனால் 70.55. ஆனால் அவசரப்பட்டு லித்துவேனியாவை அடித்துவிடாதீர்கள். ஆராய்ச்சி, மேம்பாட்டுக்குச் செய்த செலவை அங்கே மும்மடங்காகக் கழித்துக்கொள்ளலாம். லேசர் கருவி செய்கிற நிறுவனத்துக்கு அது பெரிய விஷயம். தலைநகர் வில்னியஸில் அதிவேக லேசர் செய்யும் நிறுவனங்கள் உலக அளவில் பெயர் பெற்றவை, அவற்றைப் பற்றி ஸ்டார்ட்அப் பட்டியல்களில் யாரும் பேசமாட்டார்கள்.

ஐந்தாம் படி: சம்பளத்தை மொத்தச் செலவாகப் பாருங்கள்

பலர் வழுக்கும் இடம் இதுதான். "மொத்தச் சம்பளம் 3,000 யூரோ" என்று மூன்று நாட்டிலும் ஒரே மாதிரி எழுதியிருப்பார்கள். எஸ்தோனியாவில் முதலாளி அதற்கு மேல் 33% சமூக வரியும் 0.8% வேலையின்மைக் காப்பீடும் கட்ட வேண்டும். செலவு 4,014. லாத்வியாவில் மேலே 23.59%, செலவு சுமார் 3,708. லித்துவேனியாவில் 2019 சீர்திருத்தத்தில் பங்களிப்பின் பெரும்பகுதியை ஊழியர் பக்கம் தள்ளிவிட்டு, அதற்கேற்ப மொத்தச் சம்பளத்தையும் உயர்த்திவிட்டார்கள். முதலாளி மேலே கட்டுவது வழக்கமாக 1.77%தான், செலவு சுமார் 3,053. அப்படியானால் லித்துவேனியா மலிவா? இல்லை. அங்கே 3,000 வாங்குபவருக்குக் கையில் குறைவாகவே வரும், அதனால் அவர் கேட்கும் தொகையும் கூடும். ஒரு பக்கம் நிறுவனத்தின் மொத்தச் செலவு, மறுபக்கம் ஊழியர் கைக்கு வரும் தொகை. இந்த இரண்டை மட்டும் ஒப்பிடுங்கள், நடுவில் இருக்கும் எண்ணை விட்டுவிடுங்கள்.

ஆறாம் படி: வங்கிக் கணக்கு கிடைக்குமா?

கம்பெனியைப் பதிவு செய்வது எளிது, வங்கிக் கணக்குத்தான் மலை. எனக்குத் தெரிந்த ஒருவர் எஸ்தோனியாவில் ஒரே நாளில் நிறுவனத்தைப் பதிவு செய்துவிட்டு, கணக்குக்காக ஏறி இறங்கி நான்கு மாதம் போக்கினார். காரணம் அவரல்ல, வரலாறு. டான்ஸ்கே வங்கியின் எஸ்தோனியக் கிளை வழியாக 2007 முதல் 2015 வரை சுமார் 20,000 கோடி யூரோ வெளிநாட்டுப் பணம் ஓடியது. அதில் பெரும்பகுதி சந்தேகத்துக்குரியது என்று பின்னால் தெரியவந்தது. லாத்வியாவில் 2018 பிப்ரவரியில் அமெரிக்க நிதித் துறை பணமோசடிக் குற்றச்சாட்டு வைத்ததும், நாட்டின் மூன்றாவது பெரிய வங்கியான ஏபிஎல்வி சில வாரங்களில் சரிந்தது. அப்புறம் சூடு கண்ட பூனைதான். உள்ளூரோடு தொடர்பில்லாத வெளிநாட்டு உரிமையாளர் என்றால் வங்கிகள் கையை விரிக்கின்றன.

லித்துவேனியா இதே காலத்தில் எதிர்த்திசையில் நடந்தது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக முடிவு செய்ததும், அங்கிருந்த நிதித் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு வேறு உரிமம் தேவைப்பட்டது. லித்துவேனிய மத்திய வங்கி கதவைத் திறந்து வைத்தது, தன் பணப் பரிமாற்ற அமைப்பான சென்ட்ரோலிங்கில் வங்கியல்லாத நிறுவனங்களும் இணைய வழி செய்தது. பிரிட்டனில் தொடங்கிய ரெவலூட் என்ற பணச் செயலி தன் ஐரோப்பிய வங்கி உரிமத்தை 2018 டிசம்பரில் அங்கேதான் வாங்கியது. அதன் பிறகு மேற்பார்வை நன்றாகவே இறுகிவிட்டது, அந்தக் காலத்துக் கட்டுரைகளைப் படித்துவிட்டுக் கிளம்பாதீர்கள். ஆனாலும் பணம் சம்பந்தப்பட்ட தொழில் என்றால், விதி தெரிந்த வழக்கறிஞரும், நிறுவனம் விதிப்படி நடக்கிறதா என்று பார்க்கும் இணக்க அதிகாரியும் எளிதில் கிடைக்கும் ஊர் வில்னியஸ்தான்.

ஏழாம் படி: அட்டை வேறு, விசா வேறு

எஸ்தோனியா 2014 டிசம்பரில் தொடங்கிய இ-ரெசிடென்சியை இதுவரை ஒரு லட்சம் பேருக்கு மேல் வாங்கிவிட்டார்கள். அது டிஜிட்டல் அடையாள அட்டை, அவ்வளவுதான். அதை வைத்து விமானம் ஏற முடியாது, அங்கே தங்க முடியாது, வரிக்காக அந்நாட்டில் குடியிருப்பவர் என்ற தகுதியும் கிடைக்காது. கைரேகை கொடுத்து அட்டை வாங்க நேரில் போக வேண்டும். நிர்வாகிகள் வெளிநாட்டில் இருந்தால் எஸ்தோனியாவில் ஒரு முகவரியும் தொடர்பாளரும் வேண்டும், அதற்கு மாதாமாதம் செலவு. ஒரு ரூபாய் வியாபாரம் நடக்காவிட்டாலும் ஆண்டறிக்கை போட்டாக வேண்டும்.

நம்மவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய இன்னொன்று. கம்பெனி தாலினில் பதிவானாலும் முடிவுகள் எல்லாம் கோயம்புத்தூரில் எடுக்கப்பட்டால், இந்திய வருமான வரிச் சட்டம் அதை இந்தியாவில் குடியிருக்கும் நிறுவனமாகக் கருதி இங்கே வரி கேட்க இடமுண்டு. ஆண்டு விற்றுவரவு 50 கோடி ரூபாய்க்குள் இருந்தால் இந்த விதிக்கு விலக்கு உண்டு, ஆனால் வேறு வழிகளில் வரி வரலாம். வெளிநாட்டு நிறுவனத்தில் பங்கு வாங்குவதற்கு 2022ஆம் ஆண்டின் வெளிநாட்டு முதலீட்டு விதிகளும் உண்டு. மூன்று நாடுகளோடும் இந்தியாவுக்கு இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது. "எஸ்தோனியாவில் வரி பூஜ்யம்" என்ற வீடியோவை நம்புவதற்கு முன் உங்கள் ஆடிட்டரோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள். இலங்கையில் இருப்பவர்கள் அங்குள்ள அந்நியச் செலாவணி விதிகளைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

உண்மையிலேயே அங்கே போய் இருக்க விரும்பினால் ஸ்டார்ட்அப் விசா. மூன்று நாடுகளும் 2017ஐ ஒட்டித் தொடங்கின. யோசனை புதுமையானதா, வளரக்கூடியதா என்று பார்த்துத்தான் தருவார்கள். ஐடி ஆள் அனுப்பும் கம்பெனி, ஓட்டல் போன்றவற்றுக்கு இது பொருந்தாது.

எட்டாம் படி: முதலீட்டாளர்கள்

இதில் நேரம் செலவழிக்க வேண்டாம். பணம் போடுபவர்கள் மூன்று நாட்டையும் ஒரே சந்தையாகத்தான் பார்க்கிறார்கள். 2012இல் மூன்று அரசுகளும் ஐரோப்பிய முதலீட்டு நிதியமும் சேர்ந்து 10 கோடி யூரோவில் பால்டிக் புத்தாக்க நிதியம் என்ற ஒன்றை உருவாக்கியதிலிருந்தே அப்படித்தான். தாலினில் தொடங்கிய ஸ்டார்ட்அப் வைஸ் கைஸ் போன்ற பயிற்சித் திட்டங்களும் எல்லை பார்ப்பதில்லை. ரீகா நிறுவனம் வில்னியஸ் நிதியத்திடம் பணம் வாங்குவது சாதாரணம்.

ஒன்பதாம் படி: ஒரு வாரம் போய்ப் பாருங்கள்

தாலினிலிருந்து ரீகா சுமார் 310 கிலோமீட்டர், ரீகாவிலிருந்து வில்னியஸ் கிட்டத்தட்ட அதே தூரம். பேருந்தில் ஒவ்வொன்றும் நான்கு, நாலரை மணி நேரம். எல்லையில் நிறுத்திப் பாஸ்போர்ட் கேட்கும் வழக்கம் பொதுவாக இல்லை. ஊருக்கு இரண்டு நாள் வீதம் ஒரே வாரத்தில் மூன்றையும் முடிக்கலாம்.

மே மாதம் நல்ல காலம், தாலினில் லாடிட்யூட்59 என்ற ஸ்டார்ட்அப் மாநாடு பெரும்பாலும் அப்போதுதான் நடக்கும். ஜூன் 24ஐ ஒட்டிப் போகாதீர்கள். நடுக்கோடைத் திருவிழா, மூன்று நாட்டிலும் ஊரே கிராமத்துக்குப் போய்விடும். ஜூலையில் மின்னஞ்சலுக்கே பதில் வராது. டிசம்பரில் தாலினில் வெளிச்சம் ஆறு மணி நேரம்தான். ஆனால் அங்கே குடியேறும் எண்ணம் இருந்தால் டிசம்பரில் ஒரு தடவை போய்ப் பார்ப்பது நல்லது, கோடையில் எல்லா ஊரும் அழகாகத்தான் இருக்கும்.

தாலினில் பழைய தொழிற்சாலைக் கட்டடங்களில் இயங்கும் டெல்லிஸ்கிவி பகுதியிலும், விமான நிலையத்தை ஒட்டிய உலெமிஸ்தே சிட்டியிலும் சுற்றுங்கள். ரீகாவில் இந்திய மாணவர்கள் நிறையப் பேர் படிக்கிறார்கள். அறை வாடகை, பகுதிநேர வேலை, மொழிச் சிக்கல் பற்றி எந்த அரசு முகமையையும் விட அவர்கள் நேராகச் சொல்வார்கள். அலுவலகங்களில் ஆங்கிலம் போதும். வீட்டு உரிமையாளர், மருத்துவர், நகராட்சி என்று வரும்போதுதான் உள்ளூர் மொழி கேட்கும். எஸ்தோனிய மொழி ஃபின்னிஷ் குடும்பம், மற்ற இரண்டும் வேறு குடும்பம். ஒன்றைக் கற்றால் இன்னொன்று வராது.

நிறுவனர்களைச் சந்திப்பது கடினமில்லை. சின்ன நாடு என்பதால் இரண்டாவது அறிமுகத்திலேயே தேவையான ஆளிடம் போய்விடலாம். சந்திக்கும்போது "இங்கே சூழல் எப்படி?" என்று கேட்டால் விளம்பரப் படத்தில் வரும் பதில்தான் கிடைக்கும். மூன்று ஊரிலும் ஒரே மாதிரி இதைக் கேளுங்கள்: முதல் வெளிநாட்டு வாடிக்கையாளர் எப்படி வந்தார்? கடைசியாக வேலையை விட்டுப் போன எஞ்சினியர் எங்கே போனார்? கம்பெனிக் கணக்கு எந்த வங்கியில், திறக்க எத்தனை நாள் ஆனது? பதில்களை அன்று இரவே எழுதிவிடுங்கள். மூன்றாவது ஊருக்குப் போவதற்குள் யார் எதைச் சொன்னார் என்பது குழம்பிவிடும்.